எழுத்துப் பிசகாமல்

கன்னியம்மா எட்டாவது பாஸ் செய்த சேதியும் அவள் அம்மா செத்துப்போன சேதியும் ஒரே வாரத்தில் வந்தன. அறுபத்து மூன்றாம் வருஷம். பொன்னேரிப் பக்கத்தில் ஒரு மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது டீச்சர் டிரெயினிங், அதற்கு இடமும் பேசி வைத்தாயிற்று. போர்டிங் அம்மா அவளைக் கூப்பிட்டு, "போய்க் காரியத்தை முடிச்சுட்டு வாம்மா, இடம் எங்கயும் போயிடாது" என்றார். போனவள் போனவள்தான். அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து, டீச்சராகி, இந்நேரம் பென்ஷன் கணக்குக்கூடப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் மூன்று பேர். ஜெயராஜுக்குப் பதினோரு வயது, பாக்கியநாதனுக்கு எட்டு, கடைக்குட்டி மேரிக்கு ஐந்து. அப்பா பெயர் அப்பாவு, ஆண்டை வீட்டுப் படியாள். விடிந்தால் ஏர், இருட்டினால் மாட்டுக்கொட்டகை. பிள்ளைகளைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, பார்த்தால் என்ன செய்வது என்ற யோசனையும் இல்லை. பதினாலு வயதுக் கன்னியம்மா ஒரே நாளில் மூன்று பிள்ளைக்காரி ஆனாள்.

போர்டிங்கை விட்டு வரும்போது அவள் கையில் ஒரு தகரப்பெட்டி. அதில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் புஸ்தகங்கள் முழு செட்டாக இருந்தன. போர்டிங் பிள்ளைகள் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் சட்டம். தாயில்லாப் பெண் என்று பாவம் பார்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். அவளுக்கு முன்னாலேயே நாலைந்து பேர் படித்துக் கிழித்த புஸ்தகங்கள். ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஆனாலும் அந்தக் காலனியில் அப்படி ஒரு செட் வேறு யார் வீட்டிலும் இல்லை.

காலனி கவரைப்பேட்டைக்கு மேற்கே ஆரணியாற்றின் கரையில் இருந்தது. ஊருக்குள் ஐந்தாவது வரை ஒரு பள்ளிக்கூடம் உண்டு. ஆறாவதுக்கு ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆற்றைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை, ஆண்டையைத் தாண்டுவதுதான் பெரிய விஷயம். படியாள் வீட்டுப் பையன் ஐந்தாவது முடித்ததும் ஆண்டை வீட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். அதை யாரும் உத்தரவு போட்டுச் சொல்வதில்லை. சூரியன் கிழக்கே வருவதற்கு உத்தரவா போடுகிறார்கள்?

ஜெயராஜும் மாட்டை ஓட்டினான். அப்போதுதான் கன்னியம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. பள்ளிக்கூடம் போகாமலே எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுதலாம். போர்டிங்கில் சமையல்காரம்மாவின் மகன் அப்படி எழுதிப் பாஸ் செய்து பியூன் வேலைக்குப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். செட் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க அவள் இருக்கிறாள். அப்புறம் என்ன வேண்டும்?

"நைனா, ஜெயராஜு மாடு மேய்க்கட்டும். ஊட்டுக்கு வந்தா படிக்கட்டும். எட்டாவது எய்தட்டும்" என்றாள்.

"மாடே படிக்கறேன்னாலும் படிக்கட்டும்" என்றார் அப்பாவு. அவர் அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசியதில்லை.

அப்படி ஆரம்பித்த படிப்பு பதிமூன்று வருஷம் நடந்தது. புஸ்தகங்களைக் கோணி ஊசியால் தைத்து, சிமெண்டுப் பையைக் கிழித்து அட்டை போட்டாள். கை கழுவாமல் தொடக் கூடாது. பென்சிலால்கூட அதில் ஒரு கோடு போடக் கூடாது. அடுத்தவன் படிக்க வேண்டுமே! எழுதிப் பழகச் சிலேட்டு, சிலேட்டு உடைந்தால் மணல். நாற்று நடும்போது வாய்ப்பாடு, களத்தில் நெல் தூற்றும்போது செய்யுள், அடுப்பு ஊதும்போது சரித்திரம். மேரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படிக்கும்போதே அண்ணன்மாருக்கு நடக்கும் எட்டாவது பாடத்தை வாயால் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

கன்னியம்மாவுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. போர்டிங்கில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். நடுவில் ஒரு 'உம்' விட்டுப் போனாலும் முதலிலிருந்து. அர்த்தம் புரிந்ததா என்று போர்டிங்கில் அவளை யாரும் கேட்டதில்லை, இவளும் கேட்கவில்லை. "சொந்தமா எய்துனா சொந்தமா தப்பாவும். புஸ்தகத்துல கீறத எய்து, எவன் தப்பு போடுவான்?" என்பாள். அவள் அறிவுக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. எனக்கும் அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவளுக்குக் கிடைத்த ஏர் அதுதான், அதை வைத்து உழுதாள்.

புஸ்தகம் பழசாகிக்கொண்டே போனது. கணக்கில் அணாவும் வீசையும் இருந்தன. அதை அடித்துப் பைசாவும் கிலோவுமாக மாற்றினாள். அறுபத்தொன்பதில் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனதும் பக்கம் பக்கமாகத் தேடிப் பேனாவால் திருத்தினாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குள் ஒரு வாத்தியார் வீட்டில் புதுப் புஸ்தகத்தைக் கெஞ்சி வாங்கி, பழசோடு ஒத்துப்பார்ப்பாள். எல்லாப் பாடத்தையும் ஒத்துப்பார்த்தவள் ஆறுகள் பாடத்தை மட்டும் பார்க்கவில்லை. "ஆறு இன்னா, வருசா வருசம் எடம் மாறவா போவுது?" என்று விட்டுவிட்டாள்.

அந்த ஆறுகள் பாடத்துக்கு ஒரு கதை உண்டு. அறுபத்தெட்டில் ஒரு மழையில் கூரை ஒழுகி பூகோளப் புஸ்தகம் நனைந்துவிட்டது. பத்து வயது மேரி அதை விறகுக் கட்டின்மேல் வெயிலில் விரித்து வைத்துவிட்டு, காவலுக்கு உட்கார்ந்தவள் பாண்டி ஆடப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஆடு வந்து 'நமது ஆறுகள்' பாடத்தை நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது. காவேரியிலிருந்து கடைசி வரை இரண்டு தாள். கன்னியம்மா மேரியை அடித்தாள், ஆட்டை அடிக்கப் போனாள், ஆட்டுக்காரியோடு சண்டை போட்டாள், அப்புறம் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் வெள்ளைத்தாள் வாங்கி வந்து, தின்றுபோன பாடத்தை நினைவிலிருந்து எழுதினாள். காவேரி, வைகை, பாலாறு எல்லாம் எழுத்துப் பிசகாமல் வந்தன. கடைசியில் தாளில் கொஞ்சம் இடம் பாக்கி. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இடத்தைச் சும்மா விட அவளுக்கு மனசில்லை. வாசலுக்கு எதிரே ஓடுகிற ஆற்றைப்பற்றித் தானே எழுதினாள்.

'ஆரணியாறு ஆரணியில் பிறப்பதால் அப்பெயர் பெற்றது. மழைக்காலத்தில் இவ்வாற்றில் தண்ணீர் ஓடும். மற்றக் காலங்களில் மணல் வண்டி ஓடும். வெள்ளம் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதற்கில்லை.'

ஆரணி என்பது பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஊர். ஊர்ப் பெயர் ஆற்றுக்கு இருந்தால் ஆறு அங்கேதானே பிறந்திருக்க வேண்டும்? காலனியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அது ஆந்திராப் பக்கத்து மலையில் பிறந்து ஊத்துக்கோட்டை வழியாக வருகிறது என்பதை யார் போய்ப் பார்த்தார்கள்? எழுதி முடித்துக் கன்னியம்மா இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். புஸ்தகத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. அவள் வாழ்நாளில் சொந்தமாக எழுதியது அந்த நாலு வாக்கியம்தான். தாளைப் புஸ்தகத்தோடு வைத்துத் தைத்தாள். அன்றிலிருந்து அதுவும் பாடம்.

எழுபத்தொன்றில் ஜெயராஜ் பரீட்சை எழுதினான். பூகோளத்தில் ஆறுகளைப்பற்றிக் கேள்வி வந்தது. காவேரியில் ஆரம்பித்து மணல் வண்டி வரை எழுதிவிட்டு வந்து அக்காவிடம் ஒப்பித்துக் காட்டினான். பாஸ். மீஞ்சூரில் ஒரு ஆபீஸில் பியூன் வேலை கிடைத்தது. காலனியே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த ஒரு மாதம் கன்னியம்மா நடந்த நடையே வேறு.

ஜெயராஜ் சோழவரத்தில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டான். முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தான், இரண்டாம் வருஷம் ஆள் சொல்லியனுப்பினான், அப்புறம் அதுவும் இல்லை. கன்னியம்மாவை அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பெண் கேட்டு வந்தார்கள். "இதுங்க பாஸாவட்டும்" என்று அனுப்பிவிட்டாள். பிறகு கேட்டு வருவார் இல்லை. அதற்காக அவள் அழுததாகத் தெரியவில்லை. 

எழுபத்தைந்தில் ஆண்டை நிலத்தை விற்றார். கும்மிடிப்பூண்டிக்குப் போகிற ஹைரோடு ஓரமாக ஒரு இரும்புக் கம்பெனி வந்தது. கம்பி வேலி போட்டார்கள், கேட்டு வைத்தார்கள், நாற்பது வருஷம் உழுத அப்பாவு கேட்டுக்கு வெளியே நின்றார். சுற்றுவட்டாரத்துப் பையன்களுக்கு வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இருந்தால்தான் உள்ளே நிரந்தர வேலை. இல்லாதவனுக்கு வெளியே மண் சுமக்கிற கூலி, அதுவும் கட்டடம் முடிகிற வரைக்கும்.

பாக்கியநாதனுக்கு அப்போது இருபது வயது. நல்ல பையன், முதுகு வளைந்து வேலை செய்வான். படிப்பு மட்டும் மண்டையில் தங்காது. இந்தக் காதில் வாங்கினால் அடுத்த காதுக்குப் போகும் வழியிலேயே தொலைந்துவிடும். மேரி அப்படியே நேரெதிர். பதினேழு வயது, செட்டு முழுக்க அவள் வாயில். பால்வாடி டீச்சர் வேலைக்கு எட்டாவது பாஸ் போதும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கன்னியம்மா கூலிக்குப் போயிருக்கும் நேரத்தில் பாக்கியநாதனை உட்காரவைத்து ஒப்பிக்கச் செய்ததும் அவள்தான். அவன் தடுக்கின இடத்தில் மேரி அடி எடுத்துக் கொடுப்பாள், அவன் பிடித்துக்கொண்டு போவான். ஆறுகள் பாடத்தை மட்டும் அவன் தடுக்காமல் சொல்வான். தினம் பார்க்கிற ஆறாயிற்றே.

இரண்டு பேரையும் ஒரே வருஷத்தில் எழுத வைத்தாள் கன்னியம்மா. ஒரே நாளில் விண்ணப்பம் அனுப்பினாள். அதனால் அடுத்தடுத்த நம்பர், பரீட்சை ஹாலில் அண்ணன் முன்னால், தங்கை பின்னால். எழுபத்தாறாம் வருஷம், சித்திரை வெயில். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். "அக்கா, ஆறு வந்துச்சிக்கா!" என்றான் பாக்கியநாதன்.

மற்றவர்களுக்கெல்லாம் ரிசல்ட் வந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் தபாலில் ஒரு காகிதம் வந்தது. முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, தேர்வில் முறைகேடு, திருவள்ளூருக்கு விசாரணைக்கு வரவும். முறைகேடு என்ற வார்த்தைக்கு மேல் கன்னியம்மா படிக்கவில்லை. மேரிதான் அந்தக் காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்தாள். இரண்டு விடைத்தாளிலும் பூகோளப் பகுதியில், எந்தப் பாடப்புஸ்தகத்திலும் இல்லாத வாக்கியங்கள், தவறு உட்பட, ஒரே மாதிரி இருக்கின்றனவாம்.

"ஆரணில பொறக்கலியா அது?" என்று கேட்டாள் கன்னியம்மா. 

மேரி தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "பெரியண்ணன் இதே மாதிரிதானே எய்திச்சி? அது வந்து சொன்னா நம்புவாங்க இல்ல? அஞ்சு வருசம் முன்ன எய்துனவன் எங்களப் பாத்தா எய்தியிருப்பான்?" நல்ல வழிதான். திருவள்ளூருக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா சோழவரத்துக்கு பஸ் ஏறினாள்.

ஜெயராஜ் நாஷ்டா வாங்கி வந்து வைத்தான். சொன்னதையெல்லாம் கேட்டான். கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நான் வந்து அப்பிடி சொன்னேன்னு வையி. அப்ப நீயும் பாத்துதான் எய்தினியாடான்னு என் பேப்பர நோண்ட மாட்டாங்களா? என் சர்டிபிகேட்ட புடிங்கினா நான் இன்னா பண்றது?"

"நீ பாத்து எய்தலியேடா."

"அதுங்க ரெண்டும் பாத்தா எய்திச்சி? உனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவுங்களுக்கு?"

"ஜெயராஜு, நீ படிச்ச அதே புஸ்தகம்டா."

"அதாங்க்கா பயமா கீது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன இதுல இஸ்காதக்கா. ரெண்டு கொயந்த கீது எனுக்கு" என்றான். இட்லி ஆறிப்போயிற்று. கன்னியம்மா அதைத் தொடாமல் எழுந்து வந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தான், அதுவரைக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் ஒருத்தி இடம் கொடுத்தும் உட்காரவில்லை.

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்து அறையில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி. கடுகடுப்பான ஆள் இல்லை, வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேஜைமேல் இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மணல் வண்டி ஓடும்னு ரெண்டு பேரும் எழுதியிருக்கீங்க. எந்தப் புஸ்தகத்துல இருக்கு இது?"

"எங்க புஸ்தகத்துல கீது சார்" என்றான் பாக்கியநாதன்.

இதற்காகத்தான் கன்னியம்மா பூகோளப் புஸ்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். முன்னால் போய் மேஜைமேல் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அதிகாரி குனிந்து பார்த்தார். கையால் எழுதின தாள். பொடி எழுத்து. தாளை மெல்ல இழுத்துப் பார்த்தார், தையலைப் பார்த்தார். புஸ்தகம் முழுக்கப் பழுப்பேறின நூல், இந்த இரண்டு தாளுக்கு மட்டும் வெள்ளை நூல்.

"இதை எப்பத் தைச்சீங்க?"

"பழைய நூலு இத்துப்போச்சி சார். பரீட்சைக்கு முன்ன, மாசி மாசம் பிரிச்சித் தெச்சேன்."

"பரீட்சைக்கு முன்னால பிரிச்சீங்க." அவர் அந்த வார்த்தையைத் திரும்பச் சொன்னார். "யாரும்மா எழுதினது இது?"

"நாந்தான் சார்."

"பரீட்சைக்காக எழுதினது?"

"ஆமா சார். இதுங்க பாஸாவணும்னுதான்."

ஒரு பொய்கூட இல்லை. எல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மையாக அவளே எடுத்து நீட்டினாள், அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தபோதுதான் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. "ஆடு தின்னுடிச்சி சார், அதனாலதான்…" என்று ஆரம்பித்தாள். அறையில் இருந்த கிளார்க் சிரித்துவிட்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். "இந்தாம்மா. பிட்டு கொண்டுபோனதா எழுதினா உன்மேலயும் கேஸு வரும், ரெண்டு பேருக்கும் ரிசல்ட் போயிடும். பாவமாயிருக்கு. ஒருத்தர் ஒருத்தரைப் பாத்து எழுதினதா மட்டும் முடிச்சுடறேன். யார் பாத்தாங்களோ அவங்க ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. அவங்களுக்கு ரெண்டு வருஷம் எழுத முடியாது. இன்னொருத்தர் ரிசல்ட்டை விட்டுடலாம். வெளியில போய்ப் பேசிட்டு வாங்க."

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். இந்த மாதிரி நல்லதுகளுக்குத்தான் பதில் சொல்ல முடிவதில்லை.

வராண்டாவில் மூன்று பேரும் நின்றார்கள். பாக்கியநாதன் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். "ஆடி முடியறதுக்குள்ள சர்டிபிகேட் குடுக்கணும்னு கம்பெனி மேஸ்திரி சொல்லிக்கீறாரு" என்றான், யாரிடமும் சொல்லாத மாதிரி.

கன்னியம்மா மேரியைப் பார்த்தாள்.

"இன்னாக்கா பாக்கறே?"

"மேரி…"

"நான் அதப் பாத்து எய்தலக்கா. ஒப்பிக்கவே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். உனுக்குத் தெரியும்."

"தெரியும்டீ."

"அப்ப உள்ள போயி அத்த சொல்லு."

"சொன்னா கேக்கறானாடீ அந்தாளு? நீதான் பாத்தியே. நாதன் முன்ன ஒக்காந்தான், நீ பின்ன ஒக்காந்த. பின்ன கீறவதான் பாத்திருப்பான்னு அவுங்களே எய்திக்குவாங்க. இப்ப இவனுக்கு வேல போச்சின்னா நைனாவுக்கு எதுன்னா கீதா? நெலமும் பூட்ச்சி. நாலு பேரும் தெருவுல நிக்கணும். உனுக்கு இன்னா, ரெண்டு வருசம்தானே? ரெண்டு வருசம் கயிச்சி எய்தலாம், உன் மூளைக்கு எப்ப எய்துனாலும் பாஸுதான்."

 மேரி கேட்டாள், "உனுக்கும் போர்டிங்குல இப்பிடித்தான் சொன்னாங்களாக்கா? போயிட்டு வா, எடம் எங்கயும் போயிடாதுன்னு?"

கன்னியம்மாவின் கை ஓங்கிற்று. ஆனால் அடிக்கவில்லை. அடித்திருந்தால் மேரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். கன்னியம்மா அந்தக் கையால் தங்கையின் முந்தானையைச் சரிசெய்து, தோளைப் பிடித்து அறைப் பக்கம் திருப்பிவிட்டாள். அவ்வளவுதான். தள்ளவில்லை, திருப்பிவிட்டாள்.

அதிகாரி வாசகத்தைச் சொல்லச் சொல்ல மேரி எழுதினாள். 'என் அண்ணன் பாக்கியநாதன் எழுதிய விடைத்தாளைப் பார்த்து நான் எழுதினேன். இது என் தவறு.' ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை, ஒற்று ஒன்றும் விடவில்லை. அதிகாரி தாளை வாங்கிப் பார்த்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார். புஸ்தகம் ஆதாரம் என்று அங்கேயே வைத்துக்கொள்ளப்பட்டது. கன்னியம்மா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆடி முடிவதற்குள் பாக்கியநாதனுக்கு சர்டிபிகேட் வந்தது. கம்பெனியில் உள் வேலை. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குள் போனான். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி, கன்னியம்மாவுக்குப் புடவை, மேரிக்கும் ஒரு தாவணி எடுத்து வந்தான். மேரி வாங்கி மடித்து வைத்தாள். அவளுக்குக் கம்பெனிக்கு எதிரே செங்கல் சூளையில் கல் அறுக்கிற வேலை. காலையில் அண்ணனும் தங்கையும் ஒரே ரோட்டில்தான் போவார்கள், சேர்ந்து போனதில்லை.

இரண்டு வருஷம் முடிந்தது. "எய்தறியா?" என்று கேட்க கன்னியம்மா எத்தனையோ தடவை வாயெடுத்தாள். மேரி சூளைச் சாம்பலோடு வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைவதைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும். மீதிப் புஸ்தகங்கள் பெட்டியில் இருந்தன. அந்த வீட்டில் அப்புறம் யாரும் எதையும் ஒப்பிக்கவில்லை.

எழுபத்தொன்பதில் பாக்கியநாதனுக்குப் பெண் பேசி, ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து சம்பந்தக்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். நிரந்தர வேலைக்காரன் என்றால் சும்மாவா? பெண்ணின் தாய்மாமன் பெரிய பேச்சுக்காரர். சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மேரி பரிமாறினாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், அவளுக்குப் பார்க்க அவர் மனசில் அக்கா மகன் ஒருவன் இருந்தான்.

"மாப்ள, தங்கச்சி இன்னா படிச்சிக்கீது? எட்டாவது பாஸா?"

கன்னியம்மா அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மனசு ஒரு நொடி லேசாயிற்று. இப்போது அவன் சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பாக்கியநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "எங்க பாஸு மாமா? எங்கூடத்தான் எய்திச்சி. பரீட்சைல காப்பி அட்ச்சி மாட்டிக்கினு, ரெண்டு வருசம் எய்தக் கூடாதுன்னுட்டாங்க. அதோட அது உட்டுடிச்சி."

சொல்லும்போது அவன் கண் தாழவில்லை, குரல் தடுக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் அது அவனுக்கு அப்படியே நடந்ததாகிவிட்டது. தாய்மாமன் இலையைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்றார்.

மேரி கையில் குழம்புச் சட்டியோடு நின்றாள். அண்ணனை அவள் பார்க்கவே இல்லை.

"மெய்தானா தாயி?" என்று தாய்மாமன் கேலியாகக் கேட்டார்.

"எங்கக்காவ கேளுங்க மாமா" என்றாள் மேரி. "அதுதானே எங்களுக்கு டீச்சரு."

எல்லோரும் படியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவு பார்த்தார், பெண்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், பாக்கியநாதன் வாயில் வைக்கப் போன கவளத்தோடு பார்த்தான். சம்பந்தம் முடிகிற நேரம். தட்டு மாற்ற வெற்றிலை பாக்கெல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

"ஆமாங்க" என்றாள் கன்னியம்மா. "காப்பிதான் அட்ச்சா."

மேரி தாய்மாமன் இலைக்குக் குனிந்து குழம்பு ஊற்றினாள்.